நாலே முக்கால் சென்ட்டில் ஒரு டிராக்டர்

எங்கள் தெருக்காரர்கள் 19 பேர் கையெழுத்துப் போட்டு பேரூராட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் "கனரக வாகனம்" நிறுத்தி இடையூறு செய்கிறார்களாம், உடனே அப்புறப்படுத்த வேண்டுமாம். அந்தக் கனரக வாகனம் எங்கள் வீட்டு மினி டிராக்டர்தான். மனுவின் நகல் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றிக் கடைசியில் எனக்கே வந்து சேர்ந்தது. அனுப்பிய புண்ணியவான் வாழ்க :-)

முதலில் அந்த "கனரக" என்ற வார்த்தையைப் பார்த்துவிடுவோம். எங்கள் வண்டி 18 ஹெச்பி. எடை 800 கிலோ சுமார். அதாவது ஒரு மாருதி ஆல்ட்டோவை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பின்னால் ரொட்டவேட்டரை மாட்டினாலும் ஆயிரத்தைச் சுற்றித்தான் நிற்கும். மனுவில் இரண்டாவதாகக் கையெழுத்துப் போட்டிருப்பவர் வீட்டு வாசலில் நிற்கிற இன்னோவா கிரிஸ்டா 1800 கிலோவுக்குக் குறையாது. அது ரோட்டில் நிற்கிறது. எங்களுடையது காம்பவுண்டுக்குள், தகர ஷீட் போட்ட இடத்தில், கேட்டைச் சாத்திக்கொண்டு நிற்கிறது. ஒன்பது அடி நீளம், நாலடிக்குள் அகலம். தெருவில் நிற்கிற சின்னக் காருக்கே பதிமூன்று அடி நீளம் இருக்கும். 23 அடி ரோட்டில் இரண்டு பக்கமும் கார் நின்றால் நடுவில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட பி.காம் படிக்க வேண்டியதில்லை.

ஊர் ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது, பெயர் வேண்டாம். வீடு நாலே முக்கால் சென்ட், 2069 சதுர அடி. காடு ஏழு கிலோமீட்டர் தள்ளி, கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில், 70 சென்ட். (எங்கள் பக்கம் காடு என்றால் விவசாய நிலம். புலி எல்லாம் இல்லை.)

"70 சென்ட்டுக்கு டிராக்டரா?" என்று இந்த இடத்தில் புருவத்தைத் தூக்கியிருப்பீர்கள். தூக்குங்கள், நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போனால் என் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் என்னை மன்னிக்க மாட்டார்.

வண்டி, ரொட்டவேட்டர், கொக்கிக் கலப்பை எல்லாம் சேர்த்து 5 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாடப் புத்தகத்தில் டிராக்டருக்கு ஆயுள் 10 வருஷம் என்று போட்டிருக்கும். கடைசியில் பழைய விலைக்கு 50 ஆயிரம் கிடைக்கும் என்றால் தேய்மானம் வருஷத்துக்கு 45,000. சராசரி முதலீடு 2,75,000. அதற்கு நூற்றுக்குப் பத்து வட்டி போட்டால் 27,500. இன்சூரன்ஸ், ஷீட், இதர செலவு 7,500. ஆகக்கூடி வருஷத்துக்கு 80,000 ரூபாய். வண்டியைத் தொடாமல் மாலை போட்டு வைத்தாலும் இந்தச் செலவு உண்டு. எங்கள் 70 சென்ட்டுக்கு வருஷம் முழுக்க உழவு எட்டு மணி நேரம் வந்தால் அதிகம். எண்பதாயிரத்தை எட்டால் வகுத்துப் பாருங்கள், மணிக்குப் பத்தாயிரம். அந்தக் காசுக்கு யானை கட்டி உழலாம்.

ஆகவே சொந்தக் காட்டுக்காக மட்டும் இதை வாங்குகிறவர் காசைக் கொளுத்துகிறார். அப்பா அதற்காக வாங்கவில்லை. ஊரைச் சுற்றி ஒரு ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் வாடகைக்கு ஓட்டத்தான் வாங்கினார். மணிக்கு 800 ரூபாய். டீசல் 230, ஓட்டுகிறவர் கூலி 100, ஆயில், டயர், ரொட்டவேட்டர் கத்தித் தேய்மானம் என்று ஒரு 70. எல்லாம் போக மணிக்கு 400 ரூபாய் நிற்கும். அப்படியானால் 200 மணி நேரத்தில் வண்டி தன் செலவைத் தானே எடுத்துவிடுகிறது. அதற்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு மணியும் லாபம். போன வருஷம் வண்டியின் மீட்டர் 520 மணி நேரம் காட்டியது. மீதி 320 மணிக்கு 1,28,000 ரூபாய். ஓட்டுகிற கூலியும் அப்பாவுக்கே என்பதால் இன்னும் 52,000. இந்தப் பணத்தில்தான் நான் பி.காம் மூன்றாம் வருஷம் படிக்கிறேன், தங்கச்சி பிளஸ் டூ படிக்கிறாள். மனுவில் "பொழுதுபோக்கு" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த வார்த்தையை எழுதிய கை யாருடையது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

(ஜிஎஸ்டியை 12-லிருந்து 5 சதவீதமாக 2025 செப்டம்பர் 22-இல் குறைத்தார்கள். நாங்கள் அதற்கு முன்பே வாங்கியாயிற்று. அப்பா அன்றைக்கு மத்தியானம் சோறு சரியாகச் சாப்பிடவில்லை.)

சரி, தெருவில் நிற்கிற கார்களுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாமா? யாருடைய வருமானத்தையும் நான் நோண்டப் போவதில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் மதிப்புக் குறைக்கிற அட்டவணை ஒன்று இருக்கிறது. அதன்படி வண்டிக்கு ஐந்து வயதாகும்போது மதிப்பில் பாதி போய்விடும். 12 லட்ச ரூபாய் கார் ஐந்து வருஷத்தில் 6 லட்சம் ஆகிறது. கரைந்துபோன அந்த 6 லட்சத்தில் எங்கள் டிராக்டர், ரொட்டவேட்டர், கலப்பை எல்லாம் வாங்கி மேலே ஒரு லட்சம் மிச்சமும் பிடிக்கலாம். அப்படி ஒரு காரை வெயிலில் நிறுத்தி, வாரத்தில் இரண்டு நாள் எடுத்து, கவர் போட்டு மூடி வைத்தால் அதற்குப் பெயர் வசதி. சம்பாதிக்கிற வண்டியைக் காம்பவுண்டுக்குள் நிறுத்தினால் அதற்குப் பெயர் இடையூறு. கார் வைத்திருப்பது தப்பு என்று நான் சொல்லவரவில்லை. நாளைக்கு வேலைக்குப் போனால் நானே வாங்குவேன். ஒரே தெருவில் இரண்டு தராசு எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த கேள்வியை மனு கொடுத்தவர்களில் ஓரளவு நல்ல மனிதரான ஒருவரே அப்பாவிடம் நேரில் கேட்டார். "ஏனுங்க, காட்டுலயே நிறுத்திப்போட்டு வந்தா என்னங்க?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காட்டில் வீடு கிடையாது, மோட்டார் ரூம் ஒன்றுதான். ராத்திரி ஆள் கிடையாது. பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போவதற்குப் பத்து நிமிஷம் போதும், டேங்க்கில் டியூப் விட்டு டீசலை உறிஞ்ச அதுவும் வேண்டாம். மோட்டார் ரூமில் காப்பர் ஒயர் போன கதை எங்கள் பக்கம் எந்தக் காட்டில் கேட்டாலும் சொல்வார்கள். அதை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. வேலை எங்கள் காட்டில் இல்லை, ஊரைச் சுற்றி எட்டுத் திசையிலும் இருக்கிறது. இன்றைக்கு வடக்கே தென்னந்தோப்பு, நாளைக்குத் தெற்கே மரவள்ளிக் காடு, மறுநாள் வாழைக்கு இடையுழவு. ஊருக்கு நடுவில் வண்டி நின்றால்தான் எந்தப் பக்கம் போனாலும் தூரம் கம்மி. பஸ் ஸ்டாண்டை ஊருக்கு நடுவில் வைக்கிறார்களே, அதே கணக்கு.

இது ஏன் மினி டிராக்டராக இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர் கூட இல்லை. அண்ணன் தம்பி பங்கு பிரித்து, வரப்பு மேல் வரப்பு போட்டு, வழித்தடம் சுருங்கிப்போன காட்டுக்குள் 45 ஹெச்பி டிராக்டர் நுழையுமா? நுழைந்தாலும் திரும்ப இடம் வேண்டும். திரும்புகிற இடத்தில் பயிரை மிதிக்கும், வாய்க்கால் கரையை உடைக்கும். தோப்பில் கீழே தொங்குகிற மட்டையில் இடிக்கும். நிலம் துண்டாகத் துண்டாக வண்டியும் சின்னதாகத்தான் ஆகவேண்டும். முன்பு இந்த வேலையை ஒரு ஜோடி மாடு செய்தது. மாட்டை ஊருக்குள்தான் கட்டி வைத்திருந்தார்கள், அப்போது யாரும் மனு கொடுத்ததாகத் தெரியவில்லை. சாணி வாசனைக்கு டீசல் வாசனை மோசமா என்பதை ரசனைக்கு விட்டுவிடுகிறேன்.

"அரசாங்கமே வாடகைக்கு விடுதே, நீ எதுக்கு?" என்று கேட்கிறவர்களும் உண்டு. விடுகிறது. வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை செயலியில் பதிவு செய்தால் வெளியில் கொடுப்பதை விடக் குறைந்த வாடகையில் டிராக்டர் வரும், நல்ல திட்டம்தான். ஆனால் எங்கள் பக்கம் எப்படி வேலை நடக்கிறது என்று பாருங்கள். கீழ்பவானி ஆயக்கட்டு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரத்தில் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உழவு ஓட்டவேண்டும். வரிசையில் நின்று இருபது நாள் கழித்து வண்டி வந்தால் நாற்று முற்றிவிடும். அந்த மூன்று வாரம் அப்பா வீட்டுக்கு வருவதே ராத்திரி ஒன்பது மணிக்கு. போன் மேல் போன். "கண்ணு, அப்பன்கிட்டச் சொல்லு சாமி, நாளைக்கு நம்ம காட்டுக்கு வந்துரச் சொல்லு" என்று என்னிடமே கெஞ்சுகிற கிழவிகள் உண்டு. முக்கால் ஏக்கர்க்காரிக்குப் பெரிய டிராக்டர்காரன் வரமாட்டான், வருகிற டீசலுக்குக் கட்டாது என்பான். இந்த மாதிரி ஆட்களுக்கு ஊருக்குள் நிற்கிற எங்கள் வண்டி ஒன்றுதான் கதி.

இப்போது எதிர்க்கட்சியின் நியாயம். சத்தம் இருக்கிறது, உண்மை. டீசல் என்ஜின் காலையில் ஸ்டார்ட் ஆகும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துகொள்ளும். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. ராத்திரி என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. அதனால் ஆறு மணிக்கு முன்னால் வண்டியை எடுப்பதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சீசனில் கூட. புகையும் உண்மை. 2023 ஜனவரியில் 50 ஹெச்பிக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாடு வந்தபோது சின்ன வண்டிகளுக்கு அது வரவில்லை. ஸ்டார்ட் செய்து வாசலிலேயே பத்து நிமிஷம் உறுமவிட்டால் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சேறும் உண்மை. மழை நாளில் டயரில் ஒட்டிய களிமண் தெருவில் விழுந்தால் மொபெட்டில் போகிறவர் வழுக்குவார். கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஓட்டுகிறவனை நானே பிடித்துக் கொடுப்பேன், ரோட்டைக் கொத்திப் போட்டுவிடும் அது. நாங்கள் கேஜ் வீலைக் காட்டில்தான் மாட்டுகிறோம்.

இதில் எதையாவது மனுவில் எழுதியிருக்கிறார்களா என்று தேடித் தேடிப் பார்த்தேன். நேரக் கட்டுப்பாடு கேட்கவில்லை, டயரைக் கழுவச் சொல்லவில்லை, சைலன்சரைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரே கோரிக்கை, வண்டி கண்ணில் படக் கூடாது.

சட்டம் பேசுகிறார்களே, அதனால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. இந்தத் தெருவே பதினைந்து இருபது வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காடு. லேஅவுட் போட்டபோது முறையான அங்கீகாரம் கிடையாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியத் தடை போட்டபோது இதே 19 பேரும் நாங்களும் ஒன்றாகத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்தோம். 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்து, கட்டணம் கட்டி, எல்லோரும் ஒன்றாகத்தான் சட்டத்துக்குள் நுழைந்தோம். மஞ்சள் காட்டை அங்கீகாரம் வாங்காமல் கூறு போட்டு வீடு கட்டியவர்களுக்கு அரசாங்கம் ஒரு வழி செய்துகொடுத்தது, நல்லது. எட்டு ஒன்பது வருஷம் கழித்து அதே ஆட்கள், பக்கத்துக் காட்டை உழுகிற வண்டிக்கு இங்கே இடமில்லை என்கிறார்கள். நாங்கள் முன்னால் வந்தோம், நீங்கள் பின்னால் வந்தீர்கள் என்ற வாதத்தை நான் வைக்கவில்லை. முன்னால் வந்ததால் விடியற்காலையில் இரைச்சல் போட உரிமை வந்துவிடாது. ஆனால் பட்டா ஈரம் காய்வதற்குள் இவ்வளவு சுத்தம் பேசலாமா?

உண்மையான காரணம் வேறு. அதை டீக்கடையில் ஒரு மனை புரோக்கர் உளறிவிட்டார். தெருக் கடைசியில் இரண்டு சைட் விற்பனைக்கு இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து பார்க்க வந்த பார்ட்டி, கேட் திறந்திருந்தபோது டிராக்டரைப் பார்த்துவிட்டு, "இது இன்னும் கிராமமாவே இருக்குங்களே" என்று சொல்லி, சென்ட்டுக்கு விலையைக் குறைத்துக் கேட்டார்களாம். அவ்வளவுதான் விஷயம். இடையூறு, பொதுமக்கள், கனரகம் எல்லாம் மேலே தூவிய கொத்தமல்லி.

கிராமமாக இருந்தால் என்ன கேடு வந்துவிட்டது? ஞாயிற்றுக்கிழமை காலையில் உழவர் சந்தைக்குப் பை எடுத்துப் போகிறவர்களும் இவர்கள்தான். நாட்டுத் தக்காளி வேண்டும், காலையில் பறித்த கீரை வேண்டும், மருந்தடிக்காத வாழைப்பழம் வேண்டும். அதை விளைவிக்கிற மண்ணைப் புரட்டுகிற வண்டி மட்டும் கண்ணில் படக் கூடாது. டாஃபே சென்னைக் கம்பெனி, 1960-இல் ஆரம்பித்தது. விஎஸ்டி ஓசூரில் டிராக்டர் செய்கிறது. குபோட்டா ஜப்பானிலிருந்து வந்து 2008-இல் சென்னையில்தான் கடை திறந்தது. டிராக்டர் செய்வதற்குத் தமிழ்நாட்டில் நகரம் வேண்டும், விற்பதற்கு பைபாஸ் ஓரத்தில் கண்ணாடி போட்ட ஷோரூம் வேண்டும், சாயங்காலம் கொண்டுவந்து நிறுத்துவதற்கு மட்டும் ஊருக்குள் இடம் கிடையாது என்றால் என்ன நியாயம்?

மனுவில் கையெழுத்துப் போடாத ஒருவரைப் பற்றியும் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கிறார், வாரக் கடைசியில் விவசாயம். ஊருக்கு வெளியே 30 சென்ட் வாங்கி, அதற்கென்று புத்தம் புதிதாக ஒரு மினி டிராக்டர் எடுத்து, இங்கே இருக்கிற வீட்டு கார் போர்ட்டிகோவில் நிறுத்தியிருக்கிறார். நல்ல மனிதர், பார்த்தால் சிரிப்பார். ஆனால் அந்த வண்டி வருஷத்தில் பத்து மணி நேரம் ஓடினால் அதிகம். போன பொங்கலுக்கு அதன் முன்னால் நின்று குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள், படம் நன்றாகவே வந்திருந்தது. மேலே போட்ட கணக்கை அவருக்குப் போட்டால் மணிக்கு எட்டாயிரம் ரூபாய். சார், மண்ணின் மேல் ஆசை இருந்தால் வண்டியை விற்றுவிட்டு அப்பாவைக் கூப்பிடுங்கள், மணிக்கு 800 ரூபாய்தான், போட்டோவுக்குத் தனியாகக் கேட்கமாட்டோம் :-) சின்ன இடத்தில் டிராக்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் சேர்த்து நான் கொடி பிடிக்கவில்லை. மீட்டர் ஓடாத வண்டி வெறும் இரும்பு. மனுக்காரர்கள் "பொழுதுபோக்கு" என்று எழுதியது இந்த வண்டிக்குத்தான் சரியாகப் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டியைப் பற்றி மனுவில் ஒரு வரி கிடையாது. அது பளபளவென்று இருக்கிறது, சேறு படவில்லை, சொந்தக்காரர் பெங்களூரில் வேலை பார்க்கிறார். அதனால் அது இடையூறு ஆகாது போல.

வருகிற திங்கட்கிழமை பேரூராட்சி அலுவலகத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா பேசமாட்டார், "நீயே எழுதிக் குடுத்துரு கண்ணு" என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு முன்னாலும் ராத்திரி பத்து மணிக்குப் பின்னாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வாசலில் நிறுத்தி வைத்து உறுமவிடமாட்டோம். சேற்று நாளில் காட்டிலேயே மோட்டார் தண்ணீரில் டயரைக் கழுவிவிட்டுத்தான் ரோட்டில் ஏற்றுவோம். கேஜ் வீல் ஊருக்குள் வராது. டீசல் கேன் எதையும் வீட்டில் சேர்த்து வைக்கமாட்டோம், பங்கிலேயே நிரப்பிக்கொள்வோம். கேட்டுக்கு உள்பக்கம் தகரம் அடித்து வண்டி வெளியே தெரியாமல் மறைக்கச் சொன்னால் மட்டும் செய்யமாட்டோம், அது திருட்டு வண்டி இல்லை.

கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். 23 அடி ரோட்டில் இரண்டு பக்கமும் நிற்கிற வண்டிகளை அவரவர் கேட்டுக்குள் ஏற்றி நிறுத்தவும் அதே உத்தரவில் சொல்லும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். தெருவில் நேற்றுச் சாயங்காலம் எண்ணியபோது வெளியே ஒன்பது கார் நின்றது. அதில் ஏழு வீட்டில் போர்ட்டிகோ இருக்கிறது. உள்ளே துணி காய்கிறது.